ஜூன் 27-லேயே நிற்கிறது

பாப்பாவுக்கு,

முள்ளியாற்றில் தண்ணீர் ஓடுகிறது. தெற்கு மடைக்கும் வந்துவிட்டது. சம்பாவுக்கு சி.ஆர். 1009 நாற்று விட்டிருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 31 நினைவிருக்கிறதா? வருடாவருடம் அதற்குள் நம் தண்ணீர் முறை ஆப்பைப் புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அதற்குப் பிறகு நீ செய்யும் எந்தத் திருத்தத்தையும் பிளே ஸ்டோர் ஏற்காது என்று நீதான் சொன்னாய். இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. காலையில் பால் கறந்துவிட்டு வந்ததும் பிளே ஸ்டோரில் நம் ஆப்பைத் திறந்து, கடைசியாகப் புதுப்பித்த தேதியைத்தான் பார்க்கிறேன். சித்திரை, வைகாசியில் வாரத்துக்கு ஒரு தடவை மாறும். இப்போது ஜூன் 27-லேயே நிற்கிறது. ஆடிப்பெருக்குக்கும் நீ வரவில்லை. வேலை இருந்திருக்கும், சரி. அம்மாவிடம் இரண்டு நிமிடம் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். ராத்திரி கண் விழிக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

முறை யாருக்கு என்று மதகடியில் மண்வெட்டியோடு நின்று சண்டை போட்டவர்கள் இப்போது உன் ஆப்பைக் காட்டித்தான் பேசுகிறார்கள். சிக்னல் இல்லாத வயலிலும் திறக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கினாயே, அதற்குப் பிறகு பெரியப்பாவே வெயிலில் நின்று முறை பார்த்துக்கொள்கிறார். "உன் மகள் செய்தது" என்று டீக்கடையில் சொல்லும்போது எனக்குப் பேச்சு வராது. ஆனாலும் மாதச் சம்பளத்தை எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டாய். அது இன்னும் ஆறவில்லை.

பணம்தான் கஷ்டம் என்றால் சொல். ஐபோனிலும் ஆப்பை வெளியிட வருடம் 99 டாலர் கட்டவேண்டும் என்று தள்ளிப்போட்டாயே, உளுந்து விற்ற பணம் அப்படியே இருக்கிறது. ராத்திரி விழித்து வேலை பார்க்காதே.

ஒன்று சொல்லவேண்டும். மாசியில் ஆப் சோதனைக்குப் பன்னிரண்டு பேர் சேர்த்தாய். பன்னிரண்டு பேரும் 14 நாள் விடாமல் இருந்தால்தான் பிளே ஸ்டோரில் வெளியிட அனுமதி கேட்க முடியும் என்றாய். பத்தாம் நாள் ஒரு ஆள் குறைந்தது. சித்தப்பாதான் தெரியாமல் எதையோ அழுத்திவிட்டார் என்று நினைத்து அவரோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தாய். அவர் இல்லை, நான்தான். நீ அனுப்பிய லிங்க்கிலேயே போய் வெளியேறினேன். தெரிந்தேதான் செய்தேன். இது நின்றுபோனால் நீ பழைய வேலைக்கே போவாய், வருகிற சம்பந்தமும் தட்டிப்போகாது என்று நினைத்தேன். அன்று ராத்திரி போனில் நீ அழுததை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாளே திரும்பச் சேர்ந்துவிட்டேன். ஆனால் உனக்கு 14 நாள் முதலிலிருந்து போனது. சித்தப்பாவிடம் நேற்று சொல்லிவிட்டேன். உன்னிடம் போனில் சொல்ல வாய் வரவில்லை.

கோபம் இருந்தால் என்னோடு பேசவேண்டாம். ஆப்பின் முதல் பக்கத்தில் 'வாய்கால்' என்று இருக்கிறது, முன்பே சொன்னேன். அந்த 'க்' ஒன்றை மட்டும் போட்டு வெளியிடு. தேதி மாறினால் நான் தெரிந்துகொள்வேன்.

அப்பா