மீன் வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நான் நேராக இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்ட மீனுக்கு, பங்காய் கார்டினலுக்கு வந்துவிடுகிறேன்.

வெள்ளி உடம்பு, மூன்று கறுப்புப் பட்டை, வெண்புள்ளிகள்; வளர்ந்தாலும் 8 செ.மீ. தான். இந்தோனேசியாவில் சுலவேசிக்குக் கிழக்கேயுள்ள பங்காய் தீவுகள்தான் இதன் சொந்த இடம். 1933இல் அறிவியல் பெயர் பெற்றும் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1990களில் மீன்தொட்டி வியாபாரிகள் கண்ணில் பட்டது. அப்புறம் ஆண்டுக்குப் பல லட்சம் மீன்கள் பிடிபட்டன. 2007இல் ஐயுசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது.

பிடிப்பதைக் குறைத்தால் தானாகப் பெருகிவிடாதா என்று கூட்டத்தில் ஒரு கேள்வி வந்தது. இந்த மீன் விஷயத்தில் அது அவ்வளவு சுலபமில்லை. பெரும்பாலான பவளப்பாறை மீன்களின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து தூரத்துப் பாறைகளுக்குப் போகும். இதில் முட்டைகளை ஆண் மீன் வாயில் வாங்கிக்கொள்கிறது. சுமார் மூன்று வாரத்தில் பொரித்த பிறகும் குஞ்சுகளைச் சில நாள் வாயிலேயே வைத்திருந்து, முழு மீன் உருவில்தான் வெளியே விடுகிறது. அவை பிறந்த இடத்திலேயே தங்கிவிடும். அருகருகே உள்ள தீவுகளின் மீன்களுக்கிடையிலும் மரபணு வேறுபாடு இருப்பது இதனால்தான். ஒரு விரிகுடாவைக் காலி செய்தால், பக்கத்து விரிகுடாவிலிருந்து வந்து நிரப்ப ஆளில்லை.

வாழ்வது ஆழமில்லாத, அலையடங்கிய நீரில். பவளம், கடற்புல், அலையாத்தி வேர்களுக்கு நடுவே. குஞ்சுகளுக்கு நீண்ட முட்களுள்ள கடல் முள்ளெலி என்ற உருண்டை உயிரியும், பூப்போல விரியும் கடல் சாமந்தி என்ற உயிரியும்தான் வீடு. அவற்றை அள்ளிவிட்டால் பெரிய மீன்கள் குஞ்சுகளைத் தின்றுவிடும், சொந்த இனத்துப் பெரியவை உட்பட. மீனை மட்டும் காப்பாற்றுகிறோம் என்பது வெறும் பேச்சு.

நம் உறுப்பினர் ஒருவரின் தொட்டியில் இந்த ஆண்டு குஞ்சு பொரித்தது மகிழ்ச்சியான செய்தி. ஆணின் தாடை உப்பியிருந்தது. தீனியைப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாய் லேசாகத் திறந்தபோது உள்ளே ஆரஞ்சு நிற முட்டைகள் தெரிந்தன. வெளிவந்த குஞ்சுகள் செயற்கை முள்ளெலியின் கறுப்புக் குச்சிகளுக்குள் புகுந்துகொண்டன. அன்றே ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சுகளைத் தின்றன. ஆண் பெண் பார்த்துத் தெரியாது, கூட்டமாக வாங்கி ஜோடி சேர விடவேண்டும். ஜோடி சேர்ந்ததும் மற்றவற்றைப் பிரித்துவிடுங்கள், அடித்தே கொன்றுவிடும்.

சரி, தீர்மானத்துக்கு வருகிறேன். இனி நம் உறுப்பினர்கள் தொட்டியில் பிறந்த பங்காய் கார்டினலை மட்டுமே வாங்குவது, உபரிக் குஞ்சுகளை நமக்குள் பகிர்ந்துகொள்வது. இதைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்