சிட்டா இல்லாதவன் எழுதும் மடல்

மதிப்புக்குரிய வேளாண்மைத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருவையாறு பக்கம் இரண்டரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, ஒரு ஏக்கரில் பூவன் வாழையும் மீதியில் நெல்லும் போடுகிறேன். நிலம் என் பேரில் இல்லை, அதனால் பி.எம். கிசான் பட்டியலிலும் நான் இல்லை. நிலம் பேரில் இருப்பவர்களுக்கு மட்டும் மத்திய அரசு பணம் கொடுக்கும் திட்டம் அது, உங்களுக்கே தெரியும். போன வாரம் நான்காவது முறையாக, "சிட்டா கொண்டு வாங்க" என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். நிலம் யாருடையது என்று காட்டும் அந்தச் சிட்டா நிலத்துக்காரர் பேரில்தானே இருக்கும்? அன்றைக்குப் பேப்பரில் இதே திட்டத்தில் 110 கோடி ரூபாய் முறைகேடு என்று செய்தி. அதைப் படித்த பிறகும் சும்மா இருக்க முடியவில்லை.

மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தது. கல்யாணம் இல்லை, ஓட்டல் இல்லை, கோயிலும் பூட்டு. இலைக்கட்டு வாங்கும் வியாபாரி போனையே எடுக்கவில்லை. நெல்லென்றால் மூட்டை கட்டிப் போடலாம், இலையை என்ன செய்வது? விரிந்ததும் அறுக்காவிட்டால் காற்றில் நார் நாராகிவிடும். விடியற்காலையில் நானும் என் மனைவியும் அறுத்து, நுனி இலையாகவே மாட்டுக்குப் போட்டோம். அந்தச் சித்திரை முழுக்க எங்கள் மாட்டுக்குத் தினமும் தலைவாழை இலைதான்.

ஏப்ரலில், சென்னையில் மகள் வீட்டில் இருக்கும் நிலத்துக்காரம்மா போன் செய்தார். "தம்பி, என் கணக்குல ரெண்டாயிரம் ஏறியிருக்கே, எதுக்குன்னு தெரியுமா?"

தெரியும். டிவியில் கொரோனா நிவாரணம் என்று சொன்ன பணம். அதுவும் புதுப் பணமில்லை. வருஷத்துக்கு 6,000 என்று ஏற்கெனவே இருந்ததில் ஒரு தவணையை முன்னால் கொடுத்து, மத்திய அரசின் 1.70 லட்சம் கோடி நிவாரணத் தொகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். விஷயத்தைச் சொன்னதும், "பயிர் வைக்கிறவன் நீதானப்பா, நீயே வெச்சுக்க" என்று அனுப்பிவிட்டார். கூச்சமாக இருந்தாலும் வாங்கிக்கொண்டேன். உரத்துக்குப் போயிற்று. குத்தகையை அவர் குறைக்கவில்லை, அது வேறு விஷயம். ஆகஸ்ட் தவணை வந்தபோது அவர் போன் செய்யவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான்: நிலம் யார் பேரில் இருக்கிறது என்று பார்க்காமல், கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் பயிர் செய்பவர் யார் என்று பார்த்துப் பணம் கொடுங்கள். சம்பாவுக்குக் காப்பீடு செய்ய கிராம நிர்வாக அலுவலர் எனக்கு அடங்கல் தருகிறார். பிரீமியம் கட்டும்போது நான் விவசாயி. நிவாரணம் என்றால் மட்டும் யாரோ.

குத்தகைப் பதிவுக்கு 1969-லேயே சட்டம் வந்துவிட்டது என்பீர்கள். பதிவு செய்யலாமா என்று கேட்டாலே அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது. இங்கே எல்லாம் வாய்ப்பேச்சுக் குத்தகைதான், அதுவும் உங்களுக்குத் தெரியும். ஒடிசாவில் காலியா திட்டத்தில் நிலமில்லாதவர்களுக்கும் கொடுக்கிறார்கள். ஆந்திராவில் ரைத்து பரோசா திட்டத்தில் குத்தகைக்காரர்களில் ஒரு பகுதியினரையாவது சேர்த்திருக்கிறார்கள். அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

பேப்பரில் வந்த அந்த முறைகேட்டில் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று ஏர் பிடிக்காதவர்கள் கணக்கிலெல்லாம் பணம் ஏறியிருக்கிறது. அலுவலகத்துக் கடவுச்சொல்லே வெளியாட்கள் கையில் இருந்ததாம். வரப்பில் நிற்கும் நேரத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் நின்றிருந்தால் நானும் விவசாயி ஆகியிருப்பேன்.

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அலுவலகத்திலும் ராத்திரி பகலாக வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அடங்கலை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் மறுபடியும் பணிவுடன் கேட்கிறேன். சம்பா நட்டதும் காப்பீட்டுக்கு அடங்கல் வாங்குவேன். அதன் நகல் ஒன்றை உங்கள் அலுவலகத்துக்கும் கொண்டு வருகிறேன். தயவுசெய்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
திருவையாறு பக்கத்துக் குத்தகை விவசாயி
செப்டம்பர் 2020