கடல் இல்லாவிட்டால் என்ன, கரை இருக்கிறதே!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதுச்சேரியை ஒட்டியுள்ள சின்ன வீராம்பட்டினம் ஈடன் கடற்கரைக்கு அண்மையில் குடும்பத்தோடு போயிருந்தோம். தூய்மை, பாதுகாப்பு, வசதிகளைப் பார்த்துக் கடற்கரைகளுக்குத் தரப்படும் சர்வதேச நீலக்கொடிச் சான்றை 2021-இல் பெற்ற இடம். அளவில் சிறியதுதான், நுழைவுக் கட்டணமும் உண்டு. ஆனால் குளிக்கும் இடத்துக்கு எல்லை, உயிர்காப்பாளர், குழந்தைகள் விளையாட இடம், உடை மாற்ற அறை எல்லாம் இருந்தன. நனைந்த சேலையை மாற்றிக்கொண்டு வந்து, என் மாமியார் நிம்மதியாகச் சுண்டல் சாப்பிட்டார். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அவர் தண்ணீர்ப் பக்கமே போகமாட்டார்.

நமக்குக் கடல் இல்லை, சரி. கடலூர் அருகே அந்தக் கடலில் கலக்கும் தென்பெண்ணை நம் கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்ட) அணையைத் தாண்டித்தானே போகிறது? காமராஜர் ஆட்சியில் வந்த அணை. விடுமுறை நாளில் புளிசாதம் கட்டிக்கொண்டு பூங்காவுக்கு வரும் குடும்பங்களும், மீன் வறுவல் கடைகளும் நமக்குப் புதிதல்ல.

பெயர் வேண்டாம், இங்கே ஓர் ஏரிக்கரைப் பூங்காவில் பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டு. சாவி எதிர் டீக்கடையில் என்றார்கள். டீக்கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். ஈரத்தோடு நின்ற ஒரு பெண் உடை மாற்ற, உடன் வந்த இருவர் துப்பட்டாவை விரித்துப் பிடித்தார்கள். ‘ஐ லவ்’ என்று ஊர்ப் பெயரோடு விளக்குப் பலகை வைக்க மட்டும் எப்படியோ பணம் வந்துவிடுகிறது!

அணைக்குள் இறங்கிக் குளிக்க இடம் கேட்கவில்லை. சேறும் ஆழமும் தெரியும். 2017 நவம்பரில் ஷட்டர் உடைந்தபோது காவேரிப்பட்டணத்தில் நாங்கள் பட்ட பயமும் மறக்கவில்லை. கரைக்கு வெளியே, பூங்காப் பக்கமாக, குழந்தைகளுக்கு முழங்கால் ஆழத்தில் ஒரு தொட்டி, அதற்கு ஒரு காவலாள், தண்ணீர் வரும் கழிப்பறை, தாழ்ப்பாள் உள்ள உடை மாற்றும் அறை, வயதானவர்கள் உட்கார நிழலில் நாலு பெஞ்சு. இவ்வளவு போதும். அப்புறம், சாவியோடு ஓர் ஆள் நாள் முழுக்க அங்கேயே இருக்க வேண்டும். அதற்குக் கட்டணம் வாங்கினாலும் யாரும் முணுமுணுக்கமாட்டார்கள்.

மாங்கனிக் கண்காட்சிக்கு வெளியூர்க்காரர்கள் வருவதற்குள் மாவட்ட நிர்வாகம் உடை மாற்றும் அறையையாவது கட்டித் தரவேண்டும்.

இப்படிக்கு,
வாசகி, காவேரிப்பட்டணம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.