உள்ளேயா, வெளியேயா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் இதழின் ஆங்கிலப் பயிற்சிப் பகுதிகளில் மேற்கோள் முடியும் இடத்தில் காற்புள்ளி ஒரு வரியில் மேற்கோள் குறிக்கு உள்ளேயும் அடுத்த வரியில் வெளியேயும் அச்சாகிறது. படிப்பவர் எதைப் பின்பற்றுவார்?

அமெரிக்க முறையில் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் உள்ளேதான். ஒற்றைச் சொல்லை மேற்கோளிட்டாலும் அப்படியே. பிரிட்டிஷ் முறையில், குறி மேற்கோளிட்ட பகுதிக்கே உரியதென்றால் உள்ளே, இல்லையேல் வெளியே. இதுவே தர்க்கத்துக்கு ஒத்துவருகிறது என்பேன். ஆனால் எதை எடுத்தாலும் ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்கக் கூடாது. அரைப்புள்ளியும் முக்காற்புள்ளியும் இரு முறையிலும் பொதுவாக வெளியேதான்.

பலரும் சறுக்குவது வினாக்குறியில்.

“வேர் ஆர் யூ?” ஹி ஆஸ்க்ட்.

கேள்வி மேற்கோளுக்குள் இருப்பதால் குறியும் உள்ளே. அதையடுத்துக் காற்புள்ளி போடுவது பிழை.

டிட் ஹி ஸே, “ஐ ஆம் ரெடி”?

இங்கே கேள்வி முழு வாக்கியத்துடையது, குறி வெளியே. ‘ரெடி’க்குப் பின் முற்றுப்புள்ளியும் வேண்டாம்.

இன்னொன்று: ‘ஹி செட்’ என்று தொடங்கினால் மேற்கோளுக்கு முன் காற்புள்ளி வரும், ‘ஹி செட் தட்’ என்று இணைத்தால் வராது. வினாத்தாள்களில்கூட இந்த வேண்டாத காற்புள்ளி தலைகாட்டுகிறது.

இப்படிக்கு,
ஒரு மெய்ப்புத் திருத்துநர்