கடைசி சாலுரானில் வராத பெயர்கள்: என் பழைய மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பட்டர்வொர்த்தில் என்னிடம் ஆறாம் ஆண்டு படித்து, இப்போது பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் தொழிற்சாலை வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு,

டீச்சர் எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமை கோயில் பூசை முடிந்து எதிர்க்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டு நீங்கள் பேசியதை, பக்கத்து மேசையில் இருந்து கேட்டேன். முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. 2024 அமெரிக்க அதிபர் தேர்தல் உங்களுக்கு விரல் நுனியில் இருக்கிறது. தேர்வாளர் வாக்குகளில் டிரம்புக்கு 312, கமலா ஹாரிசுக்கு 226, ஜெயிக்க வேண்டியது 270. பென்சில்வேனியாவுக்கு 19, ஜார்ஜியாவுக்கு 16. ஒருவன் கமலா பக்கம் நின்றான், அவருடைய தாத்தா துளசேந்திரபுரத்துக்காரர் என்பதற்காக. இன்னொருத்தி, "நம்ம ரத்தம்னா போதுமா, என்ன செய்வேன்னு சொன்னாங்கன்னு பாரு" என்று மடக்கினாள். அவளுக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

அப்புறம் நான் வாயைக் கொடுத்தேன். "சரி, உங்க நாடாளுமன்றத் தொகுதி எது?" என்று கேட்டேன். மேசையில் ஏழு பேர். ஒருவருக்கும் தெரியவில்லை. பாகானா, பத்து கவானா, பெர்மாத்தாங் பாவா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தீர்கள். கடைசியில் ஒருவன் சொன்னான்: "நம்ம ஓட்டு என்னாத்துக்கு டீச்சர்? ஏழு விழுக்காடுதான் நாம. நாம போடலைன்னாலும் நடக்குறதுதான் நடக்கும்."

அதற்கு அங்கேயே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. மலேசிய இந்தியர்கள் ஏழு விழுக்காட்டுக்கும் கொஞ்சம் குறைவு. 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் நாம் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்றுகூடக் கிடையாது. இதை மறைத்துவிட்டு உங்களிடம் "ஓட்டுப் போடுங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் மீதிப் பாதியை நான் வேறு மாதிரி கற்றுக்கொண்டேன். 2007 நவம்பர் 25ஆம் தேதி இந்தியர் உரிமை கேட்டு நடந்த ஹிண்ட்ராஃப் பேரணிக்கு என் அண்ணன் கோலாலம்பூருக்குப் போய், கண்ணீர்ப் புகையில் கண் சிவந்து திரும்பி வந்தார். மூன்றே மாதத்தில் பொதுத் தேர்தல். தபால் நிலையத்தில் போய்ப் பெயர் பதிந்து வைத்திருந்தேன். பக்கத்துப் பள்ளிதான் வாக்களிப்பு மையம், நடந்தால் பத்து நிமிடம். 2008 மார்ச் 8, சனிக்கிழமை. அம்மா குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு கூப்பிட்டார். "எப்படியும் அவங்கதானே வரப்போறாங்க, நீங்க போங்கம்மா" என்று சொல்லிவிட்டு நான் துணி ஊறவைக்கப் போனேன். அந்தச் சோப்பு நுரை கையில் இருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அன்றிரவு வீட்டில் யாரும் தூங்கவில்லை. 1969 முதல் கெராக்கான் முதலமைச்சர்களே ஆண்ட பினாங்கில், சட்டமன்றத்தில் அந்தக் கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. மாநிலமே கைமாறியது. 1979 முதல் இந்தியர் கட்சியான மஇகாவின் தலைவராக இருந்த சாமிவேலு, சுங்கை சிப்புட்டில் 1,821 வாக்குகளில் டாக்டர் ஜெயக்குமாரிடம் தோற்றார். குறுஞ்செய்தி மேல் குறுஞ்செய்தியாக வந்துகொண்டிருந்தது. அண்ணன் சிரிக்கிறார், அழுகிறார். அம்மா தன் தொகுதி முடிவைக் கேட்டுவிட்டு, "நம்ம போட்டது வீண் போகலடி" என்றார். அந்த "நம்ம"வில் நான் இல்லை. என் ஓட்டு இல்லாமலே எல்லாம் நடந்தது என்று நீங்கள் சொல்லலாம். நடந்ததுதான். ஆனால் அம்மாவைப் போல் வீட்டு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டுப் போய் வரிசையில் நின்றவர்களால் நடந்தது. என்னைப் போல் எல்லாரும் துணி ஊறவைக்கப் போயிருந்தால் நடந்திருக்காது.

அதற்குப் பிறகு நான் ஒரு தேர்தலையும் விட்டதில்லை. ஆசிரியர் என்பதால் தேர்தல் பணிக்கும் போனேன். 2022 நவம்பர் 19 பொதுத் தேர்தலில் நான் உட்கார்ந்தது கடைசி சாலுரானில், அதாவது வாக்களிப்பு மையத்தின் கடைசி வாக்குப்பதிவு அறையில். வாக்காளர்களை வயது வாரியாகத்தான் சாலுரான்களுக்குப் பிரிப்பார்கள். முதல் வகுப்பறையில் தாத்தா பாட்டிகள், கடைசி வகுப்பறையில் உங்கள் வயதுப் பிள்ளைகள். அந்த வருடம்தான் 18 வயதுக்காரர்கள் முதல் தடவையாகப் பொதுத் தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள். 2019இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 2021 டிசம்பர் 15 முதல் பெயர் தானாகவே பட்டியலில் ஏறும்படி செய்திருந்தார்கள். எங்கள் காலத்துத் தபால் நிலைய வரிசை உங்களுக்குக் கிடையாது.

எங்கள் வேலை எளிதானது. வருகிறவரின் ஐசியை, அதாவது அடையாள அட்டையை வாங்கி, பெயரையும் எண்ணையும் உரக்கப் படிக்க வேண்டும். கட்சி முகவர்கள் தங்கள் பட்டியலில் அடித்துக்கொள்வார்கள். பக்கத்தில் இருப்பவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைப்பார். அடுத்தவர் வாக்குச் சீட்டைக் கொடுப்பார். காலையில் பிள்ளைகள் வந்தார்கள். மை வைத்த விரலைக் கைப்பேசியில் படம் எடுக்க அவ்வளவு ஆசை. மதியம் மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் குறைந்தது. ஆறு மணி வரை நேரம் இருந்ததால் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கோடு விழாத பெயர்கள். அதில் நம் பெயர்கள். சிலவற்றை என் கையாலேயே வருகைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். வகுப்பில் ஒரு பிள்ளை வரவில்லை என்றால் வீட்டுக்குப் போன் போட்டு விசாரிப்பேன். அன்றைக்கு அதைச் செய்ய எனக்கு அனுமதி இல்லை. கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நாடு முழுவதும் 2018இல் நூற்றுக்கு 82 பேர் ஓட்டுப் போட்டார்கள். 2022இல் அது 74 அளவுக்கு இறங்கியது.

அந்த இரவு வந்த முடிவுகளில் ஒன்றைச் சொல்கிறேன். பேராக் பாகான் டத்தோ தொகுதியில் அகமட் சாகிட் ஹமிடி 348 வாக்குகளில் ஜெயித்தார். 44 பேர் உட்காரும் பேருந்தில் ஏற்றினால் எட்டுப் பேருந்து ஆட்கள். அந்தத் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 112 இடம் வேண்டிய இடத்தில் பக்காத்தான் ஹராப்பான் கூட்டணிக்கு 82, பெரிக்காத்தான் நேஷனல் கூட்டணிக்கு எழுபதுக்கு மேல். சாகிட் தலைமை தாங்கிய பாரிசான் நேஷனலின் 30 இடங்கள் எந்தப் பக்கம் சாயும் என்று நாடே ஐந்து நாள் காத்திருந்தது. பிறகு அன்வார் பிரதமர், சாகிட் துணைப் பிரதமர். அது நல்லதா கெட்டதா என்பது உங்கள் முடிவு. நான் சொல்ல வருவது அந்த எட்டுப் பேருந்தை மட்டும்தான். அங்கே தோட்டங்களில் பிறந்து, பினாங்கிலும் கிள்ளானிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் எத்தனை பேர்! உங்கள் மேசையிலேயே ஒருவனுடைய ஐசியில் ஊத்தான் மெலிந்தாங் முகவரிதான் இருக்கிறது. கேமரன் மலையில் 2013இல் வித்தியாசம் 462, 2018இல் 597. அமெரிக்கக் கதைதான் பிடிக்கும் என்றால், 2000ஆம் ஆண்டில் புளோரிடாவில் 537 வாக்குகள்தான் புஷ்ஷை அதிபராக்கின.

எண்ணிக்கையில் சின்னவர்களாக இருப்பதும் விலகி நிற்பதும் ஒன்றல்ல. இதை நினைத்தால் எனக்கு 2005 இலங்கை அதிபர் தேர்தல்தான் மனதில் வரும். விடுதலைப் புலிகள் தேர்தலைப் புறக்கணிக்கச் செய்ததால் யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட ஓட்டுப் போடவில்லை. மகிந்த ராஜபக்ச, ரணில் விக்கிரமசிங்கவை ஏறத்தாழ 1,80,000 வாக்குகளில் முந்தினார். யாழ்ப்பாணத்தில் மட்டுமே பெயர் பதிந்தவர்கள் ஏழு லட்சம் பேர். ரணில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நான்கு வருடம் அந்த மக்களின் தலைக்கு மேல் என்ன நடந்தது என்று நம் எல்லாருக்கும் தெரியும். ஓட்டுப் போடாதவர்களை விட்டுவிட்டுத் தேர்தல் முடிவு போய்விடவில்லை.

அடுத்து நீங்கள் கேட்கப்போவதும் எனக்குத் தெரியும். "யாருக்குப் போடுறது? எல்லாரும் ஒரே மாதிரிதான்." இலங்கையில் அதிபர் தேர்தல் சீட்டில் 1, 2, 3 என்று விருப்பம் குறிக்கலாம். 2024 செப்டம்பரில் யாருக்கும் பாதிக்கு மேல் வராததால் முதல் தடவையாக இரண்டாம் விருப்பத்தையும் எண்ணினார்கள். அனுர குமார திசாநாயக்க அப்படித்தான் வந்தார். நமக்கு அந்த வசதி இல்லை. ஒரே ஒரு பெருக்கல் குறி. அதனால் மனதுக்கு முழுக்கப் பிடித்தவர் வரட்டும் என்று காத்திருந்தால், கடைசி வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நான் அரசு ஊழியர். எந்தக் கட்சியின் பெயரையும் உங்களிடம் சொல்ல மாட்டேன். எப்படி யோசிக்கிறேன் என்பதை மட்டும் சொல்கிறேன். உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே முதல் 1,500 ரிங்கிட், 2025 பிப்ரவரி முதல் 1,700. அந்த 200 ரிங்கிட்டை முதலாளி தானாகத் தூக்கிக் கொடுத்தாரா? அரசாங்க உத்தரவு. அதை யார் கேட்டார்கள், யார் தள்ளிப்போடச் சொன்னார்கள், உங்கள் தொகுதியில் நிற்பவர் ஒப்பந்தத் தொழிலாளியைப் பற்றி எப்போதாவது வாய் திறந்தாரா? இதில் ஆரம்பியுங்கள். 2017 நவம்பர் வெள்ளத்தில் உங்கள் வீட்டு மெத்தை மிதந்தபோது யார் வந்தார்கள், சேறு காய்ந்த பிறகு அந்தக் கால்வாய்க்காக யார் திரும்ப வந்தார்கள் என்று அம்மாவிடம் கேளுங்கள். பொட்டலம் கொடுத்துப் படம் எடுக்க எல்லாரும்தான் வருவார்கள். எனக்கு இரண்டாவது தடவை வந்தவர்தான் முக்கியம். நம்ம ஆள் என்பதற்காக மட்டும் போடாதீர்கள், நம்ம ஆள் இல்லை என்பதற்காக மட்டும் ஒதுக்காதீர்கள். அந்தத் தே தாரிக் மேசையில் உங்களில் ஒருத்தி கமலாவைப் பற்றிக் கேட்டாளே, அந்தக் கேள்வியையே இங்கே நிற்பவர்களிடமும் கேளுங்கள்.

இதெல்லாம் பார்த்தும் ஒருவர்கூடத் தேறவில்லை என்று தோன்றலாம். எனக்கும் ஒரு தடவை தோன்றியது. அப்போது, யார் வந்தால் குறைவான கெடுதல் என்று பார்த்துப் போட்டேன். மகிழ்ச்சியாகப் போட்ட ஓட்டு இல்லை அது. ஆனாலும் எண்ணுகிற மேசையில் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து முகவர்களுக்குக் காட்டும்போது, எது ஆசையாகப் போட்டது, எது யோசித்து யோசித்துப் போட்டது என்று யாருக்கும் தெரியாது. இரண்டும் ஒன்றுதான்.

அடுத்த பொதுத் தேர்தல் 2028 தொடக்கத்துக்குள் நடந்தாக வேண்டும். முன்கூட்டியே வந்தாலும் வரும். இந்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்து அதே கடைக்கு வருகிறேன். எல்லாரும் ஐசியைக் கொண்டு வாருங்கள். தேர்தல் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் எண்ணைத் தட்டினால் தொகுதி வந்துவிடும், இரண்டு நிமிட வேலை. உங்கள் பெயர் ஐசி முகவரியில்தான் ஏறியிருக்கும். இங்கேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டவர்கள் முதலில் ஐசியில் முகவரியை மாற்ற வேண்டும், அப்புறம் தொகுதி மாற்றத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஐசியை மாற்றினால் போதும், தொகுதி தானாக மாறிவிடும் என்று நினைத்துப் பலர் ஏமாந்திருக்கிறார்கள். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் நடக்காது. ஊத்தான் மெலிந்தாங், சுங்கை சிப்புட், கூலிம் என்று ஊர் முகவரியை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் உங்கள் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அண்ணனிடம் வேன் இருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குக் கதவு திறக்கும்போது வரிசையில் நிற்கலாம். எண்ணெய்க் காசு நான் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
பட்டர்வொர்த், பினாங்கு