தனுஷ்கோடியில் உள்ளான் பறவையையும் கொஞ்சம் கவனியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சனி, ஞாயிறு ஆனால் மதுரையிலிருந்து ராமேஸ்வரம் கிளம்புகிற கார்கள் பெரும்பாலும் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை போய்த்தான் திரும்புகின்றன. போகட்டும், தப்பில்லை. ஆனால் ஓரத்துச் சேற்றுத் திட்டில் பறவைக் கூட்டத்தைப் பார்த்துவிட்டால் போதும், பிள்ளைகளை அதற்குள் ஓடவிட்டு, அது மொத்தமாக எழும்புவதை வீடியோ எடுக்கிறார்களே, இது என்ன பழக்கம்?

முகத்துவாரம் வழியாக ஏறிய கடல்நீர் வற்றும்போதுதான் சேறு வெளியே தெரியும். அதிலிருக்கிற புழுவும் பொடி நண்டும்தான் உள்ளான், உப்புக்கொத்தி மாதிரியான சின்னக் கரைப்பறவைகளுக்குச் சாப்பாடு. தண்ணீர் ஏறிவிட்டால் மணல்மேட்டில் நெருக்கியடித்து நின்று ஓய்வெடுக்கும், அப்போதும் விடுவதில்லை. கொசு உள்ளான் என்று ஒன்று, பெரும்பாலும் 30 கிராம்கூடத் தேறாது, ரஷ்யாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வருகிறது. கோடை தொடங்கும்போது திரும்பிப் பறக்க அது உடம்பில் கொழுப்புச் சேர்த்தாக வேண்டும், ஒவ்வொரு முறை விரட்டும்போதும் நாம் கை வைப்பது அதில்தான்.

2025 ஜூனில் இந்தப் பகுதியைப் பூநாரை சரணாலயமாக அரசு அறிவித்தது நல்ல விஷயம். பூநாரை நெட்டையாக, அழகாக இருப்பதால் எல்லார் கண்ணும் அதன் மேல்தான், மண் நிறத்தில் ஓடுகிற பொடிசுகளை யார் பார்க்கிறார்கள்? அக்டோபர் முதல் ஏப்ரல் வரையாவது மணல்மேட்டுப் பக்கம் வண்டி இறங்காதபடி தடுப்பு வைக்கலாம், ட்ரோனையும் நிறுத்தலாம். அப்புறம், முகத்துவாரம் மணல் மூடித் தூர்கிறதா என்று பருவமழைக்கு முன்னும் பின்னும் வனத்துறை ஒரு நடை பார்க்க வேண்டும்.

- ஒரு வாசகர், செல்லூர், மதுரை