பேத்தி பெயரையும் எழுதுங்கள்

வீரவநல்லூர்
தை மாதம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. அப்பா இறந்த வருஷம் என்பதால் எங்கள் வீட்டில் பொங்கல் இல்லை. ஊரெல்லாம் கரும்பும் மஞ்சள் குலையுமாகத் திரிய, நான் திண்ணையில் உட்கார்ந்து அப்பாவின் சொத்து விஷயமான ஜெராக்ஸ் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆவணியில் தொடங்கிய வேலை, இன்னும் ஒரு பை நிறைய இருக்கிறது.

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் உயிலுக்கு ப்ரொபேட், அதாவது உயில் உண்மைதான் என்று நீதிமன்றம் தரும் சான்று, வாங்கவில்லை. வாங்கியே ஆக வேண்டும் என்கிற உன் மைத்துனர் சென்னைக்காரர். உயில் என்றதும் ப்ரொபேட் என்பது அந்த ஊரின் பழைய வழக்கம். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் அந்தக் கட்டாயத்தை விதித்தது, கல்கத்தா, மதராஸ், பம்பாய் உயர்நீதிமன்றங்களின் நகர எல்லைக்குள் எழுதிய உயில்களுக்கும், அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு நிலங்களுக்கும்தான். தாமிரபரணிக் கரையில் எழுதி, தாமிரபரணிக் கரை வீட்டைப் பற்றி மட்டும் பேசுகிற உயிலுக்கு அது தேவையில்லை. எங்கள் வக்கீல் இதைச் சொல்ல அரை நிமிடம் எடுத்துக்கொண்டார். அதற்குள் நான் இரண்டு மாதம் கவலைப்பட்டு முடித்திருந்தேன்.

உயில் டிரங்குப் பெட்டியில், அம்மாவின் கூறைப்புடவைக்கு அடியில் இருந்தது. கோடு போட்ட முழுத்தாள் ஒன்று, இரண்டு பக்கமும் அப்பாவின் கையெழுத்து. முத்திரைத்தாள் இல்லை, பதிவும் இல்லை. சித்தப்பா அதைப் பார்த்ததும் ‘இது செல்லாது’ என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். உயிலுக்கு இரண்டுமே கட்டாயம் இல்லையாம். எழுதியவர் கையெழுத்து வேண்டும், அதைப் பார்த்துச் சாட்சிகள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் யாராவது வழக்கென்று போனால், சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருக்கும் பட்சத்தில், அவரைக் கூண்டில் ஏற்றித்தான் உயிலை நிரூபிக்க வேண்டும். பதிவு செய்த உயிலுக்கும் இதே கதைதான். ஆகவே வக்கீல் கேட்ட முதல் கேள்வி, ‘சாட்சி இருக்கிறாரா?’

1998இல் எழுதியது. ஒரு சாட்சி, கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தவர், எப்போதோ போய்விட்டார். மற்றவர் நமக்குப் பள்ளிக்கூட நாளில் மணியார்டர் கொண்டுவருவாரே, அந்தத் தபால்காரர். இப்போது கல்லிடைக்குறிச்சியில் மகள் வீட்டில் இருக்கிறார். வயது 88. நான் போனபோது வாசலில் நார்க்கட்டிலில் படுத்திருந்தார். யாரென்று சொன்னதும் எழுந்து உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளை மூக்குக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் பிடித்தார். தன் கையெழுத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது அப்பாவுடையதை.

“தம்பி, உங்கள் அப்பா பேனாவில் பாதியில் மை தீர்ந்துவிட்டது. என் பேனாவை வாங்கித்தான் முடித்தார். என்னுடையது கறுப்பு” என்றார்.

வாங்கிப் பார்த்தேன். பெயரின் முதல் மூன்று எழுத்து நீலம், மிச்சம் கறுப்பு. இத்தனை நாள் அந்தத் தாளை நூறு முறையாவது புரட்டியிருப்பேன், சண்முகம். என் கண்ணில் படவில்லை. பிறகு நோட்டரி முன்னால் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக்கொடுத்தார். ஆட்டோவுக்குக் கொடுத்த பணத்தில் மிச்சச் சில்லறையை எண்ணித் திருப்பித் தந்தார், பழைய தபால்காரர் அல்லவா.

உயிலில் வீடு அம்மாவுக்கு என்று இருந்தது. கடையம் பக்கத்து வயலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா, தெரியவில்லை. உயிலில் சொல்லாத சொத்து உயில் இல்லாத சொத்துதான். அதற்கு 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்துவிடுகிறது. அங்கேதான் வாரிசுச் சான்றிதழ் வேண்டியிருந்தது.

அதற்கு முன்னால் ஒரு சிறு ரகளை. அப்பா பெயர் ‘ன்’னில் முடியும். பாளையங்கோட்டையில் அவர் இறந்த மருத்துவமனைத் தாளில் ‘ம்’மில் முடிந்திருந்தது, இறப்புச் சான்றிதழும் அப்படியே வந்துவிட்டது. பட்டாவில் ‘ன்’, ஆதாரில் ‘ன்’, இறந்தவர் மட்டும் ‘ம்’. ஓர் எழுத்தைத் திருத்த மூன்று வாரம் அலைந்தேன். 21 நாளுக்குள் பதிவு செய்துவிட்டோம் என்ற நிம்மதியில் நான் சான்றிதழைப் படித்தே பார்க்கவில்லை. தப்பு என்னுடையதும்தான்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். பிறகு கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு விசாரணைக்கு வந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர், சித்தப்பா, நான், அக்கா எல்லோரும் முன்கட்டில். அம்மா அடுப்படி வாசலில். “இறந்துபோன மகனோ மகளோ உண்டா?” என்று கேட்டார்.

உனக்குத் தெரியும், அண்ணன் 2011இல் போனான். மதினி கைக்குழந்தையோடு கோவில்பட்டிக்கு, தாய்வீட்டுக்குப் போனவள்தான். நல்லது கெட்டதற்கு வருவாள், வந்த பஸ்ஸிலேயே திரும்புவாள். முதல் நாளே சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ‘அந்தப் பெயரை எல்லாம் இழுத்துவிடாதே, பின்னால் வில்லங்கம்’ என்று சொல்லியிருந்தார். அலுவலர் பேனாவைப் பிடித்தபடி பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், இல்லை, பொய் சொல்ல மாட்டேன், நான் திறக்கவில்லை. அடுப்படிப் பக்கமிருந்து அம்மாவின் குரல்தான் வந்தது: “உண்டு. மூத்தவன். அவன் பெண்டாட்டி பெயரை எழுதுங்கள். பேத்தி பெயரையும் எழுதுங்கள்.”

சட்டமும் அதையே சொல்கிறது. தகப்பனுக்கு முன்னால் மகன் இறந்திருந்தால் அவன் மனைவியும் பிள்ளைகளும் முதல் வகுப்பு வாரிசுகள். அந்தக் கிளைக்கு ஒரு பங்கு. அம்மாவுக்குக் கால், அக்காவுக்குக் கால், எனக்குக் கால், மதினிக்கும் பெண்ணுக்கும் சேர்த்து ஒரு கால். சித்தப்பா விடவில்லை. பங்கை விட்டுக்கொடுத்ததாக மதினியிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடலாம், குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத்தீர்வைக்கு உச்சவரம்பு உண்டு என்றார். (அந்த உச்சவரம்பு 2023இல் 25,000 ரூபாயிலிருந்து 40,000 ஆகிவிட்டது. அது அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.) பெண்ணுக்கு இன்னும் 18 ஆகவில்லை, அவள் பங்கை எழுதிக்கொடுக்க மதினிக்கே அதிகாரம் கிடையாது, நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று வக்கீல் சொன்ன பிறகுதான் அவர் வாய் அடங்கியது. பாகப்பிரிவினை இப்போதைக்கு இல்லை. எல்லோர் பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அதற்குத் தென்காசிப் பக்கம் போக வேண்டியிருந்தது. பத்திரத்தில் ‘திருநெல்வேலி ஜில்லா’ என்று இருக்கிறது. 2019 நவம்பரிலிருந்து வயல் தென்காசி மாவட்டம். அப்பா வாங்கிய இடத்திலேயேதான் இருக்கிறது, மாவட்டம்தான் நகர்ந்துவிட்டது.

பேங்கு விஷயம் ஒன்றும் பெரிதில்லை. அம்மா நாமினி, பணம் வந்துவிட்டது. நாமினி என்றால் வாங்கி வைத்துக்கொள்கிறவர்தான், சொந்தக்காரர் அல்லர். அதனால் அம்மா அதையும் நாலாகப் பிரித்துக் கவரில் போட்டு வைத்திருக்கிறாள். நாமினி போடாத கம்பெனிப் பங்குகள் கொஞ்சம் இருக்கின்றன. அவற்றுக்கு நீதிமன்றம் தரும் சக்சஷன் சான்று கேட்டாலும் கேட்பார்கள். தாசில்தார் தரும் வாரிசுச் சான்று வேறு, இது வேறு. சித்திரைக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன்.

போன வாரம் மதினி பெண்ணை அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். இந்தத் தடவை இரண்டு நாள் தங்கினாள். வயலைப் பார்க்க வேண்டும் என்று பெண் கேட்டாள். பதினாறு மரக்கால் விதைப்பாடு, மரக்காலுக்கு 8 சென்ட் கணக்கில் ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேல். ராமநதித் தண்ணீரில் பிசான நெல் கதிர்வாங்கிக்கொண்டிருக்கிறது.

“இதில் என்னுடையது எது சித்தப்பா?”

“தனியாகக் காட்ட முடியாது. எல்லா இடத்திலும் எட்டில் ஒன்று.”

“வரப்பிலுமா?”

“வரப்பிலும்தான்.”

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். மதினி வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெயில் ஏறும்வரை நானும் கிளம்பச் சொல்லவில்லை.

நீ பங்குனியில் வருவதாக எழுதியிருக்கிறாய். வரும்போது உன் அம்மாவின் ஆதார், அம்பாசமுத்திரத்து வீட்டுப் பட்டா, பேங்குப் புத்தகம் மூன்றையும் எடுத்து வா. பெயர் மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இரண்டு பேருமாக உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் பார்ப்போம். அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன்,
முத்தையா